ஆசிரியை வேலை கர்ப்பிணிக்கு வசதியான வேலையா?

அக்டோபர் 16

ஒரு வாசகி கேட்டிருந்தது: "பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். முதல் குழந்தை, ஏழாவது வாரம். 'உன் வேலையைப் போல வசதியான வேலை கர்ப்பிணிக்கு வேறு கிடையாது. நிழலில் வேலை, சீக்கிரம் வீடு, நிறைய விடுமுறை' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் இரண்டாம் பாடவேளையிலேயே அழுகை வருகிறது?"

அக்டோபர் 17 (11 வாரம்)

வசதியான வேலை இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஆசிரியைதான், மூன்றாம் வகுப்பு, 38 பிள்ளைகள். எனக்கும் முதல் குழந்தை. இன்றோடு 11 வாரம் முடிகிறது.

மேசை வேலை பார்ப்பவருக்குக் குமட்டினால் எழுந்து போய்விட்டு வரலாம். தலை சுற்றினால் ஐந்து நிமிடம் கண்ணை மூடிச் சாயலாம். நமக்கு அந்த ஐந்து நிமிடம் உடம்பு கேட்கும்போது கிடைப்பதில்லை, மணி அடிக்கும்போதுதான் கிடைக்கிறது. அதற்குள் உடம்பு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருக்கும். உங்களுக்கு அழுகை வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பிள்ளைகள் கத்தும்போது வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. "எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நூறு வரை எண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரக் கடைசியில் இருக்கும் கழிவறைக்கு ஓடினேன். வாய் கொப்பளித்து, முகம் கழுவித் திரும்பி வந்து கதவருகே நின்றபோது எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு என்று போய்க்கொண்டிருந்தது. எல்லாக் கண்களும் மூடியிருந்தன. ஒருத்தி மட்டும் விரலிடுக்கில் பார்த்தாள். மீதி இருபத்தாறு எண்களையும் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஓய்வு அவ்வளவுதான்.

மசக்கை காலையில் மட்டும் வரும் என்று நம்பி யாரும் கால அட்டவணை போட வேண்டாம். எந்த நேரத்திலும் வரும். பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டித் தொடங்கும், ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், 16 முதல் 20 வாரத்துக்குள் பலருக்கும் தணிந்துவிடும். ஏழாவது வாரத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னும் ஏறுமுகம்தான். தண்ணீர்கூடத் தங்காமல் நாள் முழுக்க வாந்தி எடுத்தால் அதைச் சாதாரண மசக்கை என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

அக்டோபர் 18

வகுப்பைத் தனியே விட்டுவிட்டு ஓடியது தவறு என்று மூன்று பேர் கண்டித்திருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு பிள்ளை பெஞ்சிலிருந்து விழுந்திருந்தால் நான் என்ன பதில் சொல்வேன்? நேற்று எழுதும்போது அதைச் சாமர்த்தியம் போல எழுதிவிட்டேன். வேறு வழி தேட வேண்டும்.

அக்டோபர் 24 (12 வாரம்)

வழி கிடைத்துவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள். நான் வாயைத் திறப்பதற்குள் "தெரியும், ஒரு மாதமாக நீ சுண்ணாம்புக்கட்டியின் வாசனைக்கே முகம் சுளிக்கிறாய்" என்றார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் உள்ள கதவில் ஓர் ஆணி. அதில் நான் ஒரு சிவப்புத் துணியை மாட்டினால், அவர் கேள்வி எதுவும் கேட்காமல் நடுக்கதவில் வந்து நின்று இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்வார். ஐந்து நிமிடம். திரும்பி வந்ததும் துணியை எடுத்துவிடுவேன். அவ்வளவுதான் ஏற்பாடு. இந்த வாரத்தில் ஆறு முறை மாட்டினேன்.

எப்போது சொல்வது என்ற கேள்வி இதோடு சேர்ந்தது. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள் நடப்பதால் அதுவரை யாருக்கும் சொல்லாதே என்பார்கள். ஊருக்குச் சொல்வதற்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் உதவி அதிகம் தேவைப்படுவதும் அதே 12 வாரத்தில்தானே? ஒருவேளை இழந்திருந்தால் அன்றைக்கும் பாடம் எடுக்க நின்றிருக்க வேண்டும், காரணம் சொல்ல ஓர் ஆள் இல்லாமல். அதனால் பக்கத்து வகுப்பில் ஒருவர், தலைமையாசிரியர், இந்த இரண்டு பேருக்காவது சீக்கிரம் சொல்லிவிடுங்கள் என்பது என் கட்சி. தலைமையாசிரியருக்கு ஏன் என்பதை அடுத்த முறை எழுதுகிறேன்.

நவம்பர் 1 (13 வாரம்)

ஏனென்றால், நோய். பிள்ளைகள் கொண்டுவராத நோய் கிடையாது.

நேற்று முன்தினம் ஒரு சிறுமி இரண்டு கன்னமும் அறைந்தது போலச் சிவந்து வந்தாள். பார்வோவைரஸ் பி19 என்ற கிருமியால் வருவது. இதில் கொடுமை என்னவென்றால், கன்னம் சிவக்கும்போது அந்தப் பிள்ளையிடமிருந்து தொற்றும் காலம் அநேகமாக முடிந்திருக்கும். சாதாரண சளி போல மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தபோதே பரவிவிட்டது. அதாவது போன வாரம் என் தோளில் சாய்ந்து கதைப்புத்தகம் பார்த்தாளே, அப்போது. பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுவயதிலேயே வந்து எதிர்ப்புச் சக்தி இருக்கும். இருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும். கரு 20 வாரத்தைத் தாண்டாத நிலையில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு ரத்தசோகை வரை போகலாம் என்பதால் உடனே பரிசோதித்தார்கள். எனக்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது. முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் இரவில் தூங்கவில்லை.

ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மை இன்னும் பெரியது. 1941இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னார். அதுவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தடுப்பூசி உண்டு, ஆனால் அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது, கர்ப்பத்தின்போது போட மாட்டார்கள். இதைப் படிக்கும் ஆசிரியைகளில் குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொண்டால் ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். சின்னம்மையும் அப்படித்தான்: கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கும். உங்களுக்கு வந்ததில்லை, வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாள் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மருந்து இருக்கிறது.

தலைமையாசிரியருக்குத் தெரிந்திருந்தால்தான் "எந்த வகுப்பில் யாருக்கு அம்மை" என்ற தகவல் முதலில் உங்கள் காதுக்கு வரும். எனக்கு இப்போது காலையில் வருகைப் பதிவேட்டோடு அதுவும் வருகிறது.

மழலையர் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒன்று: மூக்கு துடைத்தாலும் ஈர உடை மாற்றினாலும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கருவைப் பாதிக்கக்கூடிய சைட்டோமெகலோவைரஸ் என்ற கிருமி சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இருக்கும், பிள்ளை பார்க்க நன்றாகவே இருக்கும்.

நவம்பர் 21 (16 வாரம்)

மசக்கை விட்டுவிட்டது. பசிக்கிறது! இதை மட்டும் எழுதிவிட்டுப் போக நினைத்தேன். ஆனால் நாற்காலி விஷயத்தை எழுதியாக வேண்டும்.

உட்கார்ந்து பாடம் நடத்தும் ஆசிரியரைச் சோம்பேறி என்று நினைக்கும் பள்ளியில்தான் நான் படித்தேன். அந்த எண்ணம் எலும்பில் ஊறிவிட்டது. பதினோரு வருடமாக நின்றுகொண்டேதான் நடத்துகிறேன். போன வாரம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது எழுத்துகள் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தன. பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்தில் இருந்த சுண்ணாம்புத் தூளில் என் நான்கு விரலின் தடமும் பதிந்தது, நாள் முழுக்க அப்படியே இருந்தது.

மருத்துவர் விளக்கினார். கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவு படிப்படியாக ஏறிக் கடைசியில் 40 முதல் 50 சதவீதம் வரை கூடிவிடும். அதே நேரம் ரத்தக் குழாய்கள் தளர்ந்துகொடுக்கின்றன. அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், கண் இருட்டும். நடந்தால் கெண்டைக்கால் தசை அதை மேலே தள்ளிவிடும். ஆகவே நிற்பதைவிட நடப்பது மேல், நடப்பதோடு இடையிடையே உட்கார்வது அதைவிட மேல்.

மறுநாள் நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். உட்கார வெட்கமாக இருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருக்கிறான், என் பேச்சை அவன் கேட்டதாக இதுவரை சரித்திரம் இல்லை. நான் எழுந்து நிற்கும்போதெல்லாம் வந்து நாற்காலியை எனக்குப் பின்னால் சரியாக நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறான். யாரும் சொல்லித்தரவில்லை. அவன் வீட்டில் போன வருடம்தான் தம்பி பிறந்திருக்கிறான்.

டிசம்பர் 5 (18 வாரம்)

பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்று நான் ஒரு வாரம் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். முதல் வரிசையில் இருப்பவள் எழுந்து, "டீச்சர், உங்கள் வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று இவன் சொல்கிறான், நான் இல்லை என்கிறேன், யார் சொல்வது சரி?" என்றாள். "அவன் சொல்வதுதான் சரி" என்றேன். அவள் அழுதுவிட்டாள், பந்தயத்தில் ஒரு ரப்பர் தோற்றுவிட்டாளாம்.

பிறகு கேள்விகள். உள்ளே இருட்டாக இருக்குமா? குழந்தைக்கு மூச்சு முட்டாதா? நீங்கள் பலமாகத் திட்டினால் அதற்குக் கேட்குமா? அதற்கு வாய்ப்பாடு தெரிந்துவிடுமா? தொப்புள்கொடியைப் பலகையில் வரைந்து காட்டினேன். அன்றைக்கு அறிவியலுக்குக் குறித்து வைத்திருந்த பாடம் நடக்கவில்லை. அதைவிட நல்ல பாடம் நடந்தது.

ஒரு சக ஆசிரியர், "பிள்ளைகளுக்கு முன்னால் இந்தப் பேச்செல்லாம் தேவையா? தளர்வாக உடுத்துங்கள், தெரியாமல் இருக்கட்டும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. வாயும் வயிறுமாக இருப்பது மறைக்க வேண்டிய காரியமா? அமெரிக்காவில் ஒரு காலத்தில் சில பள்ளி வாரியங்கள் இதை விதியாகவே வைத்திருந்தன. கிளீவ்லாந்து நகரப் பள்ளி வாரியத்தின் விதிப்படி, பிரசவத் தேதிக்கு ஐந்து மாதம் முன்பே ஆசிரியை சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்த பிறகு தொடங்கும் பருவத்துக்கு முன்னால் திரும்பவும் முடியாது. ஜோ கரோல் லாஃப்ளூர் என்ற ஆசிரியை வழக்குப் போட்டார். வர்ஜீனியா மாநிலத்திலிருந்து வந்த இன்னொரு ஆசிரியையின் வழக்கையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 1974 ஜனவரியில் இப்படிப்பட்ட கட்டாய விதிகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 'எங்கள் டீச்சர் தர்பூசணியை விழுங்கிவிட்டார் என்று பிள்ளைகள் பேசுகிறார்கள்' என்பதுகூட அந்த வழக்கில் ஒரு பள்ளி வாரிய உறுப்பினர் சொன்ன காரணங்களில் ஒன்று.

பேசினால் என்ன? என் வகுப்பில் ஒருவன் என் வயிற்றைப் பூமி உருண்டை என்றான். சமூக அறிவியல் பாடத்தில் உலக உருண்டையைத் தூக்கி என் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தான். எனக்கு அதில் ஓர் அவமானமும் தெரியவில்லை.

டிசம்பர் 6

ஐந்து மாதம் முன்பு என்றால் நான்காம் மாதமே வீட்டுக்குப் போக வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், ஏறத்தாழ அப்படித்தான். அந்தக் கணக்கில் நான் நாளை மறுநாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

டிசம்பர் 19 (20 வாரம்)

தேர்வுக் கண்காணிப்பு. ஒரு பள்ளியில் முழு அமைதி இருக்கும் ஒரே நேரம் அதுதான். எழுதுகோல் உரசும் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் மட்டும். சன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். அடிவயிற்றில், இடதுபக்கம், இமை துடிப்பது போல ஏதோ ஒன்று. மீண்டும் ஒன்று. வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது முறை சந்தேகம் போய்விட்டது.

யாரிடமும் சொல்ல முடியாது. பேசக் கூடாது என்று நானே அறிவித்திருக்கிறேன். 38 தலைகள் குனிந்திருந்தன. மணி அடிக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. மணி சீக்கிரம் அடிக்கக் கூடாதே என்று இந்த வேலையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

முதல் குழந்தை என்றால் அசைவு 20 வாரம் தாண்டித் தெரிவதும் உண்டு. "எனக்கு இன்னும் இல்லையே" என்று யாரும் கலங்க வேண்டாம். 24 வாரம் ஆகியும் இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜனவரி 9 (23 வாரம்)

சிறுநீர்த் தொற்று. மூன்று நாள் காய்ச்சல்.

காரணம் நான்தான். சிவப்புத் துணியை அடிக்கடி மாட்டப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கூச்சமாகிவிட்டது. அவரும் தேர்வுத்தாள் திருத்தும் அவசரத்தில் இருந்தார். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். வந்ததையும் அடக்கிக்கொண்டேன். இந்தப் பழக்கம் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உண்டு. ஆசிரியைகளில் எத்தனை பேர் பள்ளி முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தில் இது விளையாட்டில்லை. சிறுநீர்ப் பாதை ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் தொற்று சிறுநீரகம் வரை ஏறும், குறைப்பிரசவத்துக்கும் வழிவிடலாம். மருத்துவர் கோபப்பட்டார். கோபப்பட்டது நியாயம்.

பக்கத்து வகுப்பு ஆசிரியை அதைவிடக் கோபப்பட்டார். "துணி எதற்கு மாட்டியிருக்கிறோம்?" என்று ஒரே வரிதான் கேட்டார். இப்போது என் மேசையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. அதில் அளவுக்கோடு போட்டு, எந்தப் பாடவேளைக்குள் எதுவரை காலியாக வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஜனவரி 24 (25 வாரம்)

குரலைப் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்குகிறது. கருப்பை மேலே வர வர, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானமும் நான்கு சென்டிமீட்டர் வரை மேலே ஏறுமாம். எதுக்களிப்பும் சேர்ந்து தொண்டை கரகரக்கிறது. கடைசி பெஞ்சுவரை எட்டும் என் குரல் நடு வரிசையில் விழுந்துவிடுகிறது.

கத்துவதை விட்டேன். இரண்டு தட்டு, ஒரு தட்டு என்று கைதட்டினால் பிள்ளைகள் அதேபோல் திருப்பித் தட்டிவிட்டு அமைதியாக வேண்டும். முதல் வாரம் தட்டுவதே ஒரு கச்சேரியாகிப் போனது. இந்த வாரம் சரியாகிவிட்டது. உரக்கப் படிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கே பிரித்துக் கொடுத்தேன். திக்கிப் பேசும் ஒரு பையன் இத்தனை நாள் படிக்கக் கேட்டதே இல்லை. "டீச்சருக்கு மூச்சு வாங்குகிறது, நான் படிக்கட்டுமா" என்று வந்து நின்றான். நான்கு வரி படித்தான். நீண்ட நேரம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை. என் குரல் நன்றாக இருந்திருந்தால் அவன் குரலை நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது மனத்தை உறுத்துகிறது.

பிப்ரவரி 6 (27 வாரம்)

நோட்டுப் புத்தகம் திருத்த வயிறு நல்ல சாய்வு மேசை. நேற்று இரவு கணக்கு நோட்டு. முப்பத்தோராவது நோட்டில் சிவப்புப் பேனாவால் 'சரி' குறி போடும்போது உள்ளிருந்து ஓர் உதை. குறியின் வால் நீண்டு அடுத்த கணக்கைத் தாண்டிப் பக்கத்தின் ஓரம்வரை போய்விட்டது. அடித்துத் திருத்த மனம் வரவில்லை. இன்று அந்தப் பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்ன டீச்சர், இவ்வளவு பெரிய சரி?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், இப்போது எல்லோருக்கும் அந்தப் பெரிய 'சரி' வேண்டுமாம்.

குழந்தைக்குக் கேட்குமா என்று அன்று பிள்ளைகள் கேட்டார்கள் அல்லவா? 25, 26 வாரம் வாக்கில் வெளிச் சத்தத்துக்கு அசைந்து பதில் காட்டத் தொடங்குகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாளுக்குள் இருக்கும் குழந்தைகளின் வாயில் ரப்பர்க் காம்பு வைத்து, சப்பும் வேகத்தை மாற்றினால் ஒலிநாடாவில் தாயின் குரல் கேட்கும்படி செய்தார்கள். வேறு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்கவே குழந்தைகள் முயன்று சப்பின. அப்படியென்றால் என் குழந்தை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறது. இதை எண்ணியதிலிருந்து பிள்ளைகளைத் திட்டும் சொற்களை மாற்றிக்கொண்டேன். "முட்டாள்" என்ற சொல் போயே போய்விட்டது. அது என்றைக்கோ போயிருக்க வேண்டியது. 38 பேருக்கும் காது இருக்கத்தானே செய்தது.

பிப்ரவரி 20 (29 வாரம்)

சுண்ணாம்புக்கட்டி கையிலிருந்து நழுவுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. உடம்பில் நீர் கோத்து மணிக்கட்டில் நரம்பை அழுத்துவதால் வருவது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடுமாம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கொடுத்தார்கள். தேதி எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். பலகையில் பிப்ரவரிக்குத் தினமும் ஒரு புது எழுத்துப்பிழை.

மார்ச் 8 (31 வாரம்)

வேலை செய்துகொண்டே ஓட்டிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். 38 வாரம்வரை வருவதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன், பாடம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் போவேன். மாலையில் தலைவலி. 38 பேர் சத்தம், வேறென்ன. மோதிரம் கழலவில்லை. கால் வீக்கம் எல்லோருக்கும் வருவதுதான். உங்களுக்கும் தலைவலி வந்தால் அரை மணி நேரம் இருட்டறையில் படுங்கள், போய்விடும்.

மார்ச் 28 (34 வாரம்)

மார்ச் 8 அன்று நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். தவறு. பெரிய தவறு.

வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையில் தலைவலி தாங்கவில்லை. பலகையைப் பார்த்தால் ஓரத்தில் மின்மினிப் பூச்சிகள் போல ஒளிப்புள்ளிகள். வகுப்புச் சத்தம்தான் என்று அப்போதும் நினைத்தேன். ஆனால் வகுப்பில் சத்தமே இல்லை. படம் வரைந்துகொண்டிருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது. துணியை மாட்டினேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் முகம் வீங்கியிருக்கிறது, கிளம்பு" என்றார்.

ரத்த அழுத்தம் 148/96. கர்ப்பத்தில் 140/90ஐத் தொட்டாலே கூடுதல் என்று கணக்கு. மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். சிறுநீரில் புரதம் இல்லை, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது. புரதம் இருந்திருந்தால் அது முன்சூல்வலிப்பு எனப்படும் நிலை, தாய்க்கும் சேய்க்கும் உயிர் ஆபத்து வரை போகக்கூடியது. இன்னும் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். மாத்திரை, வாரம் இரண்டு முறை பரிசோதனை, பள்ளி இனி கிடையாது.

20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்ணில் ஒளிப்புள்ளி அல்லது மங்கல், விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அழுத்தம் பாருங்கள். நம்முடைய வேலையில் தலைவலிக்கு எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. ஆபத்து அங்கேதான். நான் மூன்று வாரம் என் பிள்ளைகள் மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். பலகையில் பாதி எழுதிய வாக்கியம் அப்படியே நிற்கும்.

ஏப்ரல் 4 (35 வாரம்)

படுத்தபடி ஒப்படைப்புக் குறிப்பு எழுதினேன், நான்கு பக்கம். எந்தப் பாடத்தில் எங்கே நிறுத்தினேன் என்பது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி மூன்றரைப் பக்கமும் பிள்ளைகள். யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, யாரை அவசரப்படுத்தினால் பேச்சு நின்றுவிடும்.

விடுப்பு எத்தனை நாள் என்று கேட்டவருக்கு: அது நாட்டுக்கு நாடு, பள்ளிக்குப் பள்ளி மாறும். நியமனக் கடிதத்தையும் பணி விதிகளையும் எடுத்துப் படியுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல், தொடங்கிய வருடத்திலேயே, 12 வாரம் என்று வைத்தது. 2000இல் வந்த உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் என்கிறது, வேலைக்குத் திரும்பிய பிறகு பாலூட்ட இடைவேளையும் உண்டு. எல்லா நாடுகளும் ஏற்கவில்லை. நான் விடுப்பில் பெரும்பகுதியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளத் திட்டமிட்டிருந்தேன். இப்போது ஐந்து வாரம் முன்பாகவே செலவாகிறது. நோய் விடுப்பாகக் கணக்கிடச் சொல்லி எழுதியிருக்கிறேன். கேட்டால்தான் கிடைக்கும்.

ஏப்ரல் 20

பெண் குழந்தை. 37 வாரம் முடிந்ததும் வலியைத் தூண்டினார்கள். 19 மணி நேரம். 2.7 கிலோ. இருவரும் நலம். என் அழுத்தமும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிறந்த பிறகும் சில வாரம் கவனிக்க வேண்டுமாம்.

மே 8

இன்றுதான் எனக்குக் குறித்துக் கொடுத்திருந்த தேதி. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள். குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. என் மகளுக்கு இன்றோடு இருபது நாள்.

தாலாட்டு எனக்கு ஒழுங்காகத் தெரியாது. நேற்று முன்தினம் இரவு எதைப் பாடியும் அழுகை நிற்காமல் போக, வாயில் வந்தது வருகைப் பதிவேடு. முதல் பெயரிலிருந்து வரிசையாகச் சொன்னேன். பதினேழாவது பெயரில் அழுகை நின்றது. பெயர்களை அவளுக்குத் தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. களைத்துப்போயும் நின்றிருக்கலாம். ஆனால் அந்த வரிசையைத் தினமும் காலையில் என் குரலில் கேட்டிருக்கிறாள். நேற்றும் சொன்னேன். இருபத்திரண்டாவது பெயர்வரை போக வேண்டியிருந்தது.

சிவப்புத் துணி என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். ஆணியிலேயே இருக்கிறதாம். எனக்குப் பதிலாக வந்திருப்பவர் கர்ப்பிணி இல்லை, முதுகுவலிக்காரர். அவரும் மாட்டுகிறார்.

இழையைத் தொடங்கிய வாசகிக்கு: நீங்கள் இப்போது 36 வாரத்தில் இருப்பீர்கள். இன்று வேலைக்குப் போனீர்களா? அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஒப்படைப்புக் குறிப்பை இந்த வாரமே எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள், தேதி நெருங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்னுடையதில் ஒன்று விட்டுப்போய்விட்டது. சன்னலோரம் மூன்றாம் வரிசையில் இருப்பவளுக்குப் பலகை சரியாகத் தெரியாது, சொல்லவும் மாட்டாள், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வாள். முன்னால் உட்கார வையுங்கள் என்று நேற்றுதான் தொலைபேசியில் சொன்னேன்.